அடிமரத்தில் காளான் வந்தால் மரத்தை வெட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். வாசலில் அப்பா வைத்த குல்மோகர் மரம் நிற்கிறது. முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 2018 கஜா புயலில் இரண்டு பெரிய கிளைகள் முறிந்தும் தப்பித்துக்கொண்டது. ஆவணி மழைக்குப் பிறகு, அடிமரத்தில் வீட்டைப் பார்த்த பக்கமாகத் தட்டு மாதிரி கெட்டியான காளான் வந்திருக்கிறது. மேல்பக்கம் செம்பழுப்பாக, வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கிறது. இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. காளானைச் சுரண்டிவிட்டு மயில்துத்தம் பூசச் சொல்கிறார் ஒருவர். பொந்தில் சிமெண்ட் அடைக்கச் சொல்கிறார் இன்னொருவர். கொல்லையில் ஆறு தென்னைகள் உள்ளன. அவற்றுக்கும் தொற்றுமா?

பதில்: காளானைச் சுரண்ட வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியும் காய் மட்டுமே. அதைக் காய்த்த பூசணம் நூல் நூலாக மரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே தட்டு தெரிவதற்குள் உள்ளே சில வருடங்கள் கழிந்திருக்கும். சுரண்டினால், நோய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் அடையாளம்தான் போகும். மேலே பூசும் மயில்துத்தம் உள்ளே இருக்கும் பூசணத்தைத் தொடாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கனோடெர்மா என்ற பூசண வகை. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினையும், நாருக்கு வலுவைத் தரும் செல்லுலோஸையும் இது சேர்த்தே தின்னும். மிஞ்சும் கட்டை வெளுத்து, பஞ்சுபோல் நார் நாராகப் பிரியும். செல்லுலோஸை மட்டும் தின்று லிக்னினை விட்டுவைக்கும் பூசணங்களும் உண்டு. அவை பிடித்த கட்டை பழுப்பாகி, கோடையில் வெடித்த வயல்போல் கட்டம் கட்டமாகப் பிளக்கும்.

இலை பச்சையாக இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தண்ணீர் ஏறுவது பட்டைக்கு உட்புறமுள்ள வெளிறு வழியாக. நடுவிலிருக்கும் வைரம் உயிரில்லாத பகுதி, பாரம் தாங்குவதே அதன் வேலை. வைரம் உளுத்தாலும் வெளிறு தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கும், மரம் பூக்கவும் செய்யும். கனோடெர்மா அடிமரத்தையும் வேரையும் தின்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். மிச்சமிருக்கும் வேர்கள் தண்ணீர் கொடுக்கப் போதும், காற்றில் மரத்தைப் பிடித்துக்கொள்ளப் போதாது.

பூசணம் காயத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. கஜாவில் முறிந்த கிளைகளை விட, அடிமரத்தைச் சுற்றி நடந்த வேலைகள்மேல்தான் எனக்குச் சந்தேகம். வாசலில் தளம் போட்டபோதோ குழாய் பதித்தபோதோ வேரை வெட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க மர நோயியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1977-ல் ஒரு விளக்கம் தந்தார். மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றி மரம் உள்ளேயே தடுப்புச் சுவர் எழுப்பி, அழுகலை அதற்குள் அடைத்துவைக்கப் பார்க்கிறது. பொந்தைச் செதுக்கிச் சுத்தம் செய்து சிமெண்ட் அடைப்பவர்கள் அந்தச் சுவரைத்தான் உடைக்கிறார்கள். மரம் காற்றில் ஆடும், சிமெண்ட் ஆடாது. இடைவெளியில் ஈரம் தங்கும். வெட்டுவாயில் தார் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது என்ன? மரச்சுத்தியலால் தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். கெட்டியான இடம் ‘டக்’கென்று ஒலிக்கும், கூடான இடம் காலிப் பானைபோல் ஒலிக்கும். அதைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு மெல்லிய இரும்புக் கம்பியால் வேர்களின் இடுக்கில் குத்திப் பாருங்கள். கம்பி தடையின்றி உள்ளே போனால் வேர் போய்விட்டது என்று பொருள். மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, அடிமண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடுவில் கூடான மரத்துக்கு, மரங்களின் வலுவை ஆராய்ந்த ஜெர்மனியின் கிளாஸ் மாத்தெக் ஓர் அளவு சொன்னார். ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும். ஆரம் 30 செ.மீ. என்றால் 9, 10 செ.மீ. ஆனால் இதை உங்கள் மரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தண்டு கெட்டியாக இருந்து வேர் உளுத்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

கூடான ஒலி சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டாலோ, பெரிய வேர் ஒன்றில் கம்பி இறங்கினாலோ, ஐப்பசி மழைக்கு முன் மரத்தை எடுத்துவிடுங்கள். குல்மோகரின் கட்டை எளிதில் முறியும், வேரும் ஆழமாகப் போகாது. எட்டும் தூரத்தில் ஆட்கள் உறங்கும் வீடு இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஒலித்தால், மேல்பாரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து வரலாம். மொட்டையடிக்க வேண்டாம், அத்தனையும் புதுக் காயம். கிளையின் அடியிலுள்ள வீக்கத்தை விட்டு அறுக்கச் சொல்லுங்கள். இதே மரம் வயலோரம் நின்றிருந்தால் தொடவே வேண்டாம் என்றிருப்பேன். பூசணம் இளக்கிய கட்டையில்தான் குக்குறுவான் பறவை கூடு குடைகிறது. ஆனைமலைக் காட்டின் இருவாச்சிக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது, இப்படிக் கூடான பெருமரங்கள்தான் அதற்கு வீடு.

தென்னை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1952 புயலுக்குப் பிறகு உங்கள் மாவட்டத்தில் கவனிக்கப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணம் கனோடெர்மாதான். வேர் வழியாகவும் மண் வழியாகவும் பரவும். தென்னை புல்லினத்தைப் போன்றது, குல்மோகர்போல் உள்ளே சுவர் எழுப்ப அதற்கு வழியில்லை. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா, வெளிமட்டைகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். குல்மோகரை எடுத்தால் அடிக்கட்டையையும் பெரிய வேர்களையும் தோண்டி அகற்றுங்கள். விட்டுவைத்தால் பூசணத்துக்கு அதுவே தீனி. தென்னை ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) போடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் இடையில் வாழை வையுங்கள். சாறு வடிந்தால் மட்டும் 1 சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) மரத்துக்கு 40 லிட்டர் வீதம் அடியைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும். அதில் தாமிரம் இருப்பதால் டிரைக்கோடெர்மாவோடு சேர்த்துப் போடாதீர்கள். நோயுற்ற மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் பள்ளம் எடுத்துப் பிரித்துவிடுங்கள்.

வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். சாக்பீஸ் குறிகளோடு அடிமரத்தையும், காளானின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும், தென்னைகளின் அடித்தண்டையும் படமெடுத்து இந்த வாரமே அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.