லாயத்தைப் படித்தால் குதிரை தெரியும்: ரேஸ் கேள்வி–பதில்

வடசென்னை வாசகர்கள் அனுப்பிய ரேஸ் கேள்விகளில் டிரெய்னர்கள், வளரும் குதிரைகள் பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

சீசனில் அதிக வெற்றி வைத்திருக்கும் டிரெய்னரின் குதிரைகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கட்டினால் லாபம் வருமா? (வாசகர், வண்ணாரப்பேட்டை)

வராது. பட்டியலில் முதலில் நிற்பவரின் லாயத்தில் குதிரைகள் அதிகம், அவை ஓடும் ரேஸ்களும் அதிகம். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய லாயம் எல்லாமே கெட்டிக்கார லாயமாகத்தான் தெரியும். ஓடியது எத்தனை, ஜெயித்தது எத்தனை என்று பாருங்கள். அதுவும் பாதிக் கணக்குதான். 100 ஓட்டத்தில் 22 வெற்றி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் கட்டினால் போட்டது 10,000. ஜெயித்தவற்றின் சராசரி விலை ஒன்றுக்கு இரண்டரை, அதாவது 100 ரூபாய்க்கு 250 லாபமும் போட்ட 100-ம் என்றால், திரும்பி வருவது 7,700. வரியைச் சேர்க்காமலே 2,300 ரூபாய் காலி. பெங்களூரின் பத்மநாபன், சாம்பியன் ஜாக்கியாக இருந்து டிரெய்னரான மும்பையின் பேசி ஷ்ராஃப் போன்றவர்களின் பெயரை ரேஸ் கார்டில் கண்டதுமே கூட்டம் விலையைச் சுருக்கிவிடும். திறமையில் குறையில்லை, அந்தத் திறமைக்கான பணத்தை நமக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

டிரெய்னரின் கணக்கை உடைத்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும். முதல்முறை ஓடும் குதிரைகளில் அவருக்கு எத்தனை வெற்றி? மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரைகளில் எத்தனை? 1200 மீட்டரில் எப்படி, 1600-க்கு மேல் எப்படி? லாயத்தின் பெரிய ஜாக்கி ஏறும்போது என்ன, அவர் அதே ரேஸில் லாயத்தின் இன்னொரு குதிரைக்குப் போய்விட்டால் என்ன? சில டிரெய்னர்கள் முதல் ஓட்டத்தைப் பாடமாக மட்டுமே வைப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில்தான் கை வைப்பார்கள். வேறு சிலர் ஓய்விலிருந்து வரும் குதிரையை முழுத் தயாராகத்தான் இறக்குவார்கள். இந்தப் பழக்கங்கள் சீசனுக்கு சீசன் லேசில் மாறுவதில்லை. ஒவ்வொரு வகையிலும் 30, 40 ஓட்டமாவது சேராமல் முடிவுக்கு வராதீர்கள். பத்து ஓட்டத்தில் நான்கு வெற்றி என்பது சும்மாவும் நடக்கும்.

பேப்பரில் வரும் காலை ட்ராக் ஒர்க் (பயிற்சி ஓட்டம்) நேரத்தை எப்படிப் படிப்பது? நேரம் குறைவான குதிரையைக் கட்டினால் பெரும்பாலும் தோற்கிறது. (வாசகர், தண்டையார்பேட்டை)

நேரத்தை ஒரே எண்ணாகப் படிப்பதால் வரும் வினை. '1000 மீ: 1-6, 600/39' என்று போட்டிருந்தால் 1000 மீட்டரை 1 நிமிடம் 6 விநாடியில் ஓடி, அதில் கடைசி 600 மீட்டரை 39 விநாடியில் முடித்தது என்று பொருள். 66-இல் 39 போனால் 27. முதல் 400 மீட்டருக்கு 27 விநாடி, அதாவது நூறு மீட்டருக்கு 6.75. கடைசி 600-இல் நூறு மீட்டருக்கு 6.5. போகப் போக வேகம் கூடியிருக்கிறது. அடுத்த வரியிலேயே இன்னொரு குதிரை '1-5, 600/40'. அது முதல் 400-ஐ 25 விநாடியில், நூறுக்கு 6.25 வீதம் பறந்துவிட்டு, கடைசியில் நூறுக்கு 6.67 என்று தளர்ந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்க்கிற கண்ணுக்கு 1-5 தான் பெரிதாகத் தெரியும். நோட்டில் குறிக்க வேண்டியது 1-6.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வார்த்தைகளையும் விடாதீர்கள். 'சுலபமாக', 'கையில் அடக்கியபடி' என்று எழுதி 39 போட்டால், 'விரட்டப்பட்டது' என்று எழுதிய 38-ஐவிட அது மேல். மணலில் 600-க்கு 38 முதல் 40 வரை பொதுவாக நல்ல வேலை; 45 என்றால் உடம்பை இளக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். உள்மணல் தடத்தின் நேரத்தை வெளிமணல் தடத்தின் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது, நேற்றைய நேரத்தை மழை பெய்த இன்றைய காலையோடும் ஒப்பிடக் கூடாது. ஒரே காலை, ஒரே தடம், அப்போதுதான் ஒப்பீடு செல்லும். ஏறியவர் ஜாக்கியா, பயிற்சியில் மட்டும் ஓட்டும் ரைடிங் பாயா என்பதையும் கவனியுங்கள். சேணத்தோடு மொத்தம் எத்தனை கிலோ சுமந்தது என்பது பேப்பரில் வராது.

ஜோடி ஓட்டம் இன்னும் நல்ல தடயம். இரண்டு வயதுக் குதிரை ஒன்று, அதே லாயத்தின் மேல்வகுப்புக் குதிரையோடு சமமாக முடித்தால் அதை அடிக்கோடு போடுங்கள். தன்னைப் போலவே இன்னும் ரேஸ் ஓடாத புதுக்குதிரையை மூன்று குதிரை நீளம் முந்தியதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நீண்ட ஓய்விலிருந்து வரும் குதிரைக்கு 600 மீட்டர் வேலை மட்டும் இரண்டு முறை வந்திருக்கிறது, ஓடப்போவது 1600 என்றால் இன்னும் வயிறு இறங்கவில்லை என்று அர்த்தம். ஒன்று மட்டும்: விடியாத இருட்டில் ஓடியவற்றை நேரம் குறிப்பவர் தவறவிடுவது உண்டு. பேப்பரில் வராததால் வேலையே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

லாயத்திலிருந்தே வந்த டிப்ஸ் என்கிறார்களே? (வாசகர், காசிமேடு)

லாயத்தில் கிளம்பி காசிமேடு வந்து சேர்வதற்குள் போர்டில் விலை பாதியாகியிருக்கும். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சயிஸ் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவர் தன் குதிரையைப் பார்க்கிறார், எதிரே ஓடும் ஒன்பதைப் பார்க்கவில்லை. காசுக்கு டெலிகிராமில் டிப்ஸ் விற்பவர்கள் தனி ரகம். எட்டுக் குதிரை ஓடும் ரேஸில் எட்டுக் குழுவுக்கு எட்டுப் பெயர் அனுப்பினால் ஒரு குழு கட்டாயம் கும்பிடு போடும். அடுத்த வாரச் சந்தா அந்தக் குழுவில்தான்.

தோற்ற குதிரைகளில் எது தேறும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பெரம்பூர்)

இங்கேதான் விலை கிடைக்கும். 19 ஓட்டத்தில் 18 ஜெயித்த ஸ்க்வாண்டரர் மாதிரி குதிரையில் பெயர் இருக்கும், விலை இருக்காது. நாலாவது, அஞ்சாவது வந்ததைத் தேடுங்கள்.

ரீப்ளேவை மூன்று முறை போடுங்கள். முதல்முறை கேட் திறக்கும் இடம் மட்டும். எந்தக் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக வந்தது? நீளம் என்பது சுமார் 2.4 மீட்டர், ஒரு விநாடிக்கு ஆறு நீளம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கேட்டில் அரை விநாடி போனால் மூன்று நீளம் போச்சு. அந்தக் குதிரை கடைசியில் இரண்டரை நீளத்தில் தோற்றிருந்தால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். இரண்டாம் முறை வளைவு. உள்ளே வர இடமில்லாமல் நான்கு குதிரை அகலத்துக்கு வெளியே சுற்றியது எது? மூன்றாம் முறை கடைசி 200 மீட்டர். ஜெயித்ததைப் பார்க்காதீர்கள். ஜாக்கி சவுக்கைத் தொடாமலே இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வந்தது எது, வின்னிங் போஸ்ட் தாண்டியும் முன்னால் ஓடிக்கொண்டே போனது எது என்று பாருங்கள். அதன் அடுத்த ஓட்டம் 200 மீட்டர் கூடுதலாக இருந்தால் டிரெய்னரும் அதையே பார்த்திருக்கிறார்.

இதில் ஏமாறுவதும் சுலபம். முன்னால் ஓடியவை ஒன்றையொன்று விரட்டிக் களைத்துப்போன ரேஸில் பின்னால் இருந்தவை எல்லாமே பாய்ந்து வருவது போலத் தெரியும். அதே ரேஸில் முன்னால் ஓடியும் விழாமல் மூன்றாவது வந்த குதிரைதான் உண்மையில் கெட்டி.

வயதையும் சேருங்கள். இந்தியாவில் ரேஸ் குதிரைகளுக்கு எல்லாம் ஜனவரி 1 தான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததும் ஏப்ரலில் பிறந்ததும் நவம்பரில் ஒரே இரண்டு வயதாக நின்றாலும் உடம்பில் மூன்று மாத வித்தியாசம் இருக்கும். பின்னால் பிறந்தது பிப்ரவரி, மார்ச்சில் வேறு குதிரையாகத் தெரியும்.

ரேட்டிங், கிளாஸ் இதெல்லாம் வைத்து என்ன செய்வது? (வாசகர், ராயபுரம்)

ரேட்டிங் என்பது குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண். அதில் ஒரு புள்ளி கூடினால் சுமக்கும் எடை அரை கிலோ கூடும். 20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ள குதிரைகளுக்கான கிளாஸ் ரேஸில் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் பன்னிரண்டரை கிலோ வித்தியாசம். 42-இல் இருக்கும் குதிரை அங்கே பாறாங்கல்லைச் சுமந்து ஓடும். ஜெயித்து 48-க்கு ஏறி, 40 முதல் 65 வரையிலான ரேஸுக்குப் போனால் மேலே நிற்கும் குதிரையைவிட எட்டரை கிலோ குறைவு. சுமை இறங்கிவிட்டது, எதிரிகள் ஏறிவிட்டார்கள். மூன்று, நான்கு வயதுக் குதிரைக்கு இது நல்ல மாற்றம். ஆறு வயதுக் குதிரைக்குப் பெரும்பாலும் சுவர். அதற்கு மேல் அப்ரென்டிஸ் (பயிற்சி நிலை) ஜாக்கி ஏறினால் அவருக்கான எடைச் சலுகையும் சேரும். பெரிய லாயம் ஒன்று பெரிய ஜாக்கியை விட்டுவிட்டு அப்ரென்டிஸை ஏற்றினால் இதற்காகத்தானா என்று பாருங்கள். சில சமயம் குதிரைக்கு வாய்ப்பில்லை என்பதாலும் அப்படிச் செய்வார்கள்.

வெளியூர் டிரெய்னர் ஒரே ஒரு குதிரையைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் கட்டலாமா? (வாசகர், மாதவரம்)

பெங்களூரிலிருந்து 350 கிலோமீட்டர் லாரி, கூடவே சயிஸ், ஜாக்கி. சும்மா கொண்டுவர மாட்டார்கள். ஆனால் பரிசுப் பணத்தில் மூன்றாம் இடமே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஊட்டியில் நன்றாக ஓடியது என்பதை மட்டும் நம்பாதீர்கள். 2,200 மீட்டர் உயரம், இறுக்கமான வளைவு. அங்கே ராஜாவாக இருந்தது சமவெளியில் சாதாரணமாகிவிடுவது உண்டு. பெங்களூர், புனே கார்டில் தரையின் ஈரத்துக்குப் பெனட்ரோமீட்டர் எண் போடுவார்கள். எண் கூடினால் தரை இளக்கம். இளகிய தரையில் ஜெயித்த குதிரை கட்டாந்தரையில் தடுமாறினால் டிரெய்னரைத் திட்டாதீர்கள்.

வரி எவ்வளவு பிடிக்கிறார்கள்? (வாசகர், எண்ணூர்)

நிறைய. பந்தயத் தொகை முழுவதற்குமான ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. 100 ரூபாய்க்குக் கட்ட 140 ஆகிறது என்று கணக்கு வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று விலையுள்ள குதிரை ஜெயித்தால் கைக்கு 200. முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே பத்தில் ஏழு முறை அது ஜெயிக்க வேண்டும். வரி இல்லாவிட்டால் ஐந்து போதும். ஒன்றுக்கு மூன்று விலையில் 25 சதவீதம் போதுமாக இருந்தது இப்போது 35. ஃபேவரைட்டை, அதாவது விலை குறைந்த குதிரையை மட்டும் கட்டும் பழக்கம் இந்த ஒரு கணக்கிலேயே செத்துவிட்டது. வண்ணாரப்பேட்டை நண்பரின் 22 வெற்றிக் கணக்கிலும் இதைச் சேர்த்தால் 2,300 நஷ்டம் 6,300 ஆகும். இது போக, ஒரே பந்தயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் டிடிஎஸ். ஜெயித்ததற்கு வரி உண்டு, தோற்றதை அதில் கழிக்க முடியாது.

ஜாக்பாட் நல்லதா, வின் நல்லதா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

ஜாக்பாட்டில் ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும், வின்னில் ஒரு ரேஸில் மட்டும். ஐந்திலும் இரண்டிரண்டு குதிரை போட்டால் 32 சேர்க்கை, மும்மூன்று போட்டால் 243. அதற்கும் வரி. ஒரு ரேஸில் உறுதியான பேங்கர், அதாவது ஒன்றே போதும் என்று நம்பும் குதிரை இருந்தால் 32 என்பது 16 ஆகும். பேங்கர் இல்லாத நாளில் வின் மட்டும், அதுவும் ஒரு ரேஸில்.

தண்டலுக்கு வாங்கிக் கட்டி, ஜெயித்ததும் அடைத்துவிடலாமா? (வாசகர், திருவொற்றியூர்)

கூடாது. 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே 15 சதவீதம் போய்விட்டது, அதன்மேல் 40 சதவீத வரி. இதைத் தாங்கும் டிரெய்னர் இந்தியாவில் இல்லை.

குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லையா? டீக்கடையில் எழுதுகிறவரிடம் கட்டலாமா? (வாசகர், வியாசர்பாடி)

தமிழ்நாடு 1974-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் இது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு டீக்கடைச் சீட்டுக்குக் கிடையாது. அது சட்டவிரோதம், பணம் வராவிட்டால் கேட்கவும் நாதியில்லை. கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலக் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்து, விவகாரம் நீதிமன்றம் போனது. ஆகவே மீட்டிங் உண்டா என்று கிளப் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி.

முதல்முறை பிளிங்கர்ஸ் (பக்கப் பார்வையை மறைக்கும் கண்மறைப்பு) போடும் குதிரையைக் கட்டலாமா? (வாசகர், எருக்கஞ்சேரி)

எதற்காகப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பழைய ரேஸில் பக்கத்துக் குதிரையையும் கூட்டத்தையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓடியிருந்தால் பலன் இருக்கும், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு ஓட்டங்களில்தான். ஏற்கெனவே முன்னால் பாய்கிற குதிரைக்குப் போட்டால் இன்னும் வேகமாகப் பாய்ந்து 1000 மீட்டருக்குள் தீர்ந்துவிடும். 1600 என்றால் ஒதுங்குங்கள். ரேஸுக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்தும் பேடக்கில் பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரையாக வியர்த்து, சயிஸை இழுத்துக்கொண்டு போனால் சக்தி அங்கேயே போகிறது. பிளிங்கர்ஸோடு செய்த காலை வேலை பேப்பரில் வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். வந்து, நேரமும் நன்றாக இருந்தால் கட்டலாம். அப்படி எதுவும் இல்லாமல் ரேஸ் அன்றுதான் முதலில் மாட்டுகிறார்கள் என்றால், அந்த ஒரு ஓட்டத்தைக் காசில்லாமல் பாருங்கள்.