சுள்ளென்று பிடிப்பது காந்தம் அல்ல

கேள்வி: பாபநாசம் பக்கம் கிராமம். வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி டிரான்ஸ்பார்மர். காந்தப்புலம் பட்டால் எலியின் செல்கள் சிதையுமென்று வீடியோவில் பார்த்தேன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். காந்தத்தை இழுக்குமென்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டோம். பசுவும் தொட்டியில் வாய் வைப்பதில்லை. மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது. குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

பதில்: முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சுள்தான் எனக்குப் பயம். அது மின்கசிவு. வயரின் உறை எங்கோ தேய்ந்து கரண்ட் குழாயில் ஏறியிருக்கும், எர்த்தும் சரியில்லை. ஈரத்தரையில் நிற்கும் பசு சில வோல்ட்டையே உணர்ந்துவிடும். உங்கள் வீட்டில் விவரமானது அதுதான்.

கையில் பிடித்த கரண்ட் காலுக்கு இறங்கும் வழியில் கருப்பை இருக்கிறது. மனைவிக்கு ஒருமுறை அடித்திருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், இன்றே ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுவலி, உதிரப்போக்கு என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

எம்.சி.பி. (கரண்ட் அளவை மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்காதீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடுங்கள். அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி வயர் இழுத்துத் தரும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எர்த் குழியையும் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: குழியில் போட்ட உப்பு எர்த் குழாயை அரித்திருக்கும், கோடையில் மண் காய்ந்தால் எர்த் பேருக்குத்தான்.

இனி வீடியோ. காந்தப்புலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள்; ஒரு மில்லிடெஸ்லா என்பது ஆயிரம் மைக்ரோடெஸ்லா. விலங்குச் செல்களில் மாற்றம் கண்டதாகச் சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் மில்லிடெஸ்லா அளவில் நடந்தவை. வேறு ஆய்வுக்கூடத்தில் செய்தால் அதே முடிவு வருவதுமில்லை. வீட்டுக்குள் வழக்கமாக இருப்பது 0.1 மைக்ரோடெஸ்லா சுமார், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பே 200 மைக்ரோடெஸ்லா. டிரான்ஸ்பார்மரின் புலம் சில மீட்டரிலேயே கரைந்துவிடும். 2002-ல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தக் காந்தப்புலத்தை '2பி' பட்டியலில் (புற்றுநோய் தரக்கூடும், ஆனால் உறுதியான ஆதாரமில்லை) சேர்த்தது, உண்மை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்? ரத்தத்திலுள்ள இரும்பு ஆணி அல்ல, காந்தம் இழுக்க. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அந்த மாத்திரையை இன்று இரவே தொடங்கட்டும். டிகிரி காபியோடு வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி.

கசிவைச் சரிசெய்த பிறகும் பசு தண்ணீர் குடிக்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.