வலக்கை வேகப்பந்து, இடப்பக்க முதுகு நோ

தம்பி, கிரிக்கெட்டில வலக்கையால வேகமாப் பந்து போடுற உங்களுக்கு 17 வயசில இடப்பக்கக் கீழ்முதுகு மட்டும் நோகுது, வெள்ளவத்தைக் கடற்கரையில ஓடினாச் சரிவருமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஓடவும் வேண்டாம், பந்து போடவும் வேண்டாம். முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ. போடுற கைக்கு எதிர்ப்பக்கம்தான் முள்ளந்தண்டில அழுத்த வெடிப்பு (திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து எலும்பில வாற மெல்லிய வெடிப்பு) கூடுதலா வாறது. ஆரம்ப வெடிப்பு எக்ஸ்ரேயில தெரியாமப் போகலாம், எம்ஆர்ஐ ஸ்கான் பற்றிக் கேளுங்கோ.

நோ முழுக்கச் சுகமாகினபிறகு, நீங்கள் பந்து போடுறதைப் பின்னாலயிருந்து வீடியோ எடுப்பியுங்கோ. பின்கால் ஊண்டேக்க இடுப்பு முன்னுக்கும் தோள் பக்கவாட்டிலயும் நிண்டா, அது கலப்பு முறை; அது முதுகை முறுக்கும். முன்கால் விழேக்க உடல் எடையின்ர 5 மடங்கு விசை ஏறும்; அந்த நேரம் முதுகு முறுகிச் சரிஞ்சிருந்தா எலும்புதான் தாங்கவேணும். இடுப்பும் தோளும் ஒரே திசையில நிண்டாப் போதும், முழுக்கப் பக்கவாட்டா மாறத் தேவையில்லை.