கூலன்ட் சென்சாரை மாற்றும் முன்…

கேள்வி: என் பெட்ரோல் காரில் இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே ரேடியேட்டர் ஃபேனும் ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சோதிக்க முடியுமா? மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில்: தாராளமாக முடியும். முதலில், ஏசி அணைந்திருக்கிறதா பாருங்கள். ஏசி போட்டால் ஃபேன் ஓடுவது இயல்பு. அணைத்தும் ஓடுகிறது என்றால் சந்தேகம் நியாயமானதே. சென்சார் தகவல் நம்பும்படி இல்லாவிட்டால், இன்ஜினைக் காப்பாற்ற இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஃபேனை ஓட விட்டுவிடும்.

இந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல கார்களில் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். இசியூ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றப் பார்க்கும். இசியூவின் தகவலைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று வருவது இதனால்தான்.

இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில் தொடங்குங்கள். சாவியை அணைத்து, சென்சார் கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, கூலன்ட் கசிந்திருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும் என்பது என் கருத்து. அப்புறம் மீட்டரை ஓமில் வைத்து, சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றி, வயர் பக்கக் கனெக்டரில் பாருங்கள். 5 வோல்ட் அருகில் வர வேண்டும். வராவிட்டால் வயரிங்கைத் தேடுங்கள். கனெக்டர் கழன்றிருக்கும்போது ஃபேன் திடீரென்று சுழலலாம். கையை விலக்கியே வையுங்கள்.

பிறகு கனெக்டரை மாட்டி, இன்ஜினை வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து அணைத்து, கனெக்டரைத் திரும்பக் கழற்றி, தடையை மறுபடி அளந்து பாருங்கள். 2500 ஓம் 300க்கு இறங்கியிருந்தால் சென்சார் பெரும்பாலும் பிழைத்துவிட்டது. மாறாமலே நின்றால் போய்விட்டது. இந்த அளவிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால்தான் சென்சாரையே கழற்ற வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும்! சூட்டில் உள்ளே அழுத்தம் இருக்கும்; மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். வழியும் கூலன்ட்டைத் தட்டில் பிடியுங்கள். அது விஷம், குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் பக்கத்தில் வரக் கூடாது. சமையலுக்கு இனி எடுக்காத பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் உலோக நுனி மட்டும் நனையும்படி, அடியில் படாமல் தொங்க விடுங்கள். தெர்மாமீட்டர் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். சூடு ஏறும்போது 10 டிகிரிக்கு ஒரு முறை தடையைக் குறியுங்கள். ஓம் அளவு மேனுவலிலிருந்து சற்று விலகியிருந்தால் கவலை வேண்டாம். அளவு நடுவில் திடீரென்று குதித்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ சென்சாரை மாற்றிவிடுங்கள். சூட்டில் மட்டும் தகராறு செய்யும் சென்சாரை இப்படித்தான் பிடிக்க முடியும்.

திரும்ப மாட்டும்போது புது வாஷர் அல்லது ஓ-ரிங் போடுங்கள். கூலன்ட் நிரப்பிக் காற்றையும் வெளியேற்றிவிடுங்கள். நுனி காற்றுக் குமிழில் நின்றால் நல்ல சென்சாரும் தப்பாகச் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ஃபேன் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலே ஒட்டுவதால் காலை ஸ்டார்ட்டிங் கெடாது. அதற்குப் பேட்டரி, ஸ்பார்க் பிளக் பக்கம் தனியாகத் தேட வேண்டும்.