ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம்

கேள்வி:

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் இதழியல் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் முப்பது பேரைச் சென்ற ஆண்டு ஓர் ஆய்வு நிலையத்துக்கு அழைத்துப்போனோம். திரும்பி வந்து எழுதிய முப்பதும் ஒரே கட்டுரை: நிலையம் தொடங்கிய ஆண்டு, தலைவர் சொன்னது, 'விவசாயிகளுக்கு வரப்பிரசாதம்'. அரை நாளில் இதற்குமேல் முடியாதா? இந்த முறை ஏத்தாப்பூர், ஏற்காடு இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

— ஓர் இதழியல் ஆசிரியை, சேலம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரே நாளில் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய பிள்ளைகளிடம் அதற்குப் பிறகு எதையும் எதிர்பார்க்க முடியாது. ஏற்காட்டில் 1963இல் தொடங்கிய தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் நல்ல இடம்தான். ஆனால் அங்கே முதலில் வெளியே வருவது செல்போன். முதல் பயணத்துக்கு ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் போதும்.

முப்பது பேரையும் மொத்தமாகக் கூட்டிப்போனால் அவர்களை உட்காரவைக்க அரங்கம் ஒன்றுதான் இருக்கும். அரங்கத்தில் ஸ்லைடு ஓடும், ஸ்லைடில் இருப்பது கட்டுரையாக வரும். ஆறு ஆறு பேராகப் பிரித்து, வேறு வேறு நாளில் அனுப்புங்கள். அனுமதிக் கடிதத்தில் 'பார்வையிட' என்று எழுதாமல், 'ஒரு அளவீட்டை முதலிலிருந்து கடைசி வரை பார்க்க' என்று கேளுங்கள். கருவியை அன்றாடம் கையாளும் ஆய்வு மாணவரோ உதவியாளரோ உடனிருந்தால் நல்லது. தலைவரிடம் பத்து நிமிடம், அதுவும் கடைசியில்.

எந்த அளவீடு? நம் ஊருக்கு மாவுச்சத்தை விடப் பொருத்தமானது இல்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, விலை போடுவது மாவுச்சத்தின் அளவைக் காட்டும் பாயிண்ட் கணக்கில். அதன் அடிப்படையைப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். 5 கிலோ கிழங்கைக் காற்றில் எடை போட்டு, பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். தண்ணீரில் 550 கிராம் காட்டினால் 5000ஐ 4450ஆல் வகுக்க வேண்டும், ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.124. மாவு தண்ணீரைவிடக் கனம் என்பதால் இந்த எண் கூடக்கூடச் சத்து கூடுதல். இனிமேல்தான் செய்தி இருக்கிறது. கிழங்கில் ஒட்டிய மண் ஒட்டியபடியே தண்ணீருக்குள்ளும் இருந்தால் எண் கூடும், மண் மாவைவிடக் கனம். அதே மண் தொட்டியில் கரைந்து விழுந்துவிட்டால் எண் குறையும். காற்றுக்குமிழி ஒட்டினாலும் குறையும். 'கழுவியது யார், எப்போது?' என்று கேட்கிற மாணவருக்கு விவசாயியின் சண்டையும் புரியும், ஆலைக்காரரின் சண்டையும் புரியும்.

மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோய்க்குப் பிசிஆர் சோதனை (வைரஸின் மரபணுப் பகுதியைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிப்பது) காட்டும் ஆய்வகத்துக்குப் போனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சோதனை முடியவே சில மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாதிரியை முன்கூட்டியே தயாராக வைக்கச் சொல்லிவிடுங்கள், சமையல் நிகழ்ச்சியில் செய்வதுபோல. பெருக்கிய மரபணு கோடாகத் தெரியும் ஜெல் படம் வந்ததும் கோடு எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால், வெறும் தண்ணீர் போட்ட குழி எது என்று கேட்கட்டும். அங்கேயும் கோடு தெரிந்தால் எங்கோ கலப்படம். அந்தத் தட்டு முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

மரவள்ளியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி விஷயத்தில் பிள்ளைகள் சறுக்குவார்கள். ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்த அனாகைரஸ் லோபெசி குளவியை, இந்தப் பூச்சியை ஒழிக்க, 2022இல் ஏத்தாப்பூரில் வயலில் விட்டார்கள். 'வெளிநாட்டுக் குளவி படையெடுப்பு' என்று தலைப்பு வைக்கக் கை துடிக்கும். நுண்ணோக்கியில், செத்துக் காய்ந்த மாவுப்பூச்சியின் உடலில் குளவி வெளியேறிய வட்டத் துளையைப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். குளவி முட்டையிடுவது மாவுப்பூச்சிக்குள். புழு வளர்வதும் அங்கேயேதான்.

குறிப்பேட்டில் எண்ணை எழுதும்போதே அலகையும் எழுதவையுங்கள். எக்டேரும் ஏக்கரும் மாறினால் விளைச்சல் இரண்டரை மடங்கு பிசகும். கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எழுதிய எண்களை உரக்கப் படித்து அங்கேயே சரிபார்க்கட்டும். முழுக் கட்டுரையையும் அனுப்பச் சொல்லி நிலையம் கேட்கக்கூடும்; எண்களும் செய்முறை வரிகளும் மட்டும் அனுப்புவோம் என்று அனுமதிக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.