சமன்பாடு செய்ய வருகிறது, சார்பு மட்டும் ஏன் பிடிபடுவதில்லை?

சாதாரண தரத்தில் அட்சரகணிதம் நன்றாகச் செய்ததாகவும், உயர்தர இணைந்த கணிதத்தில் சார்பு வந்ததும் தடுமாறுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். இந்த இடத்தில் தடக்குப்படாத பிள்ளைகள் குறைவு.

எக்ஸ் தன் வேலையை இங்கே மாற்றிக்கொள்கிறது. எக்ஸ் + 3 = 7 என்றால் எக்ஸ் ஒரு தெரியாக்கணியம்; 4 என்று கண்டதும் வேலை முடிந்தது. எஃப்(எக்ஸ்) = எக்ஸ் + 3 என்பதில் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. எக்ஸ் இங்கே ஒரு மாறி; ஆட்சியிலுள்ள, அதாவது சார்புக்குக் கொடுக்கக்கூடிய எண்களிலுள்ள, எந்தப் பெறுமானத்தையும் எடுக்கும். எதைக் கொடுத்தாலும் ஒரேயொரு விடை வர வேண்டும். அந்த ‘ஒரேயொரு’தான் சார்பின் உயிர்.

கல்லடிப் பாலத்தடியில் வாவியின் நீர்மட்டத்தைக் குறித்து வருவதாக வையுங்கள். எந்த நேரத்தைச் சொன்னாலும் மட்டம் ஒன்றுதான். ஆகவே நீர்மட்டம் நேரத்தின் சார்பு. அதற்குச் சூத்திரம் எங்கே என்பீர்கள். தேவையே இல்லை, சூத்திரம் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெறுமானம் என்ற தொடர்பே சார்பு என்பதைக் கணிதவியலாளர் டிரிச்லே 1837 இலேயே தெளிவாக்கிவிட்டார். இனித் திருப்பிப் பாருங்கள். மாரி மழைக்கு ஏறி, வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வெட்டியதும் இறங்கும் தண்ணீர் ஒரே மட்டத்தை இரண்டு தரம் தொடும். மட்டத்தைச் சொல்லி நேரம் கேட்டால் இரண்டு விடை. ஆகவே நேர்மாறு சார்பு, அதாவது விடையிலிருந்து கொடுத்ததற்குத் திரும்பும் சார்பு, இங்கே கிடையாது. எக்ஸ் வர்க்கத்துக்கும் இதே சிக்கல்தான்: 3 உம் −3 உம் 9 ஐயே தருகின்றன. ஆட்சியை எக்ஸ் ≥ 0 என்று சுருக்கினால்தான் வர்க்கமூலம் அதன் நேர்மாறாகும். இதை விளங்காமல் நேர்மாறு காணும் படிகளை மனப்பாடம் செய்வது வீண் என்பதே என் உறுதியான எண்ணம்.

கணிதவியலாளர் ஒயிலர் 1734 இல் பயன்படுத்திய எஃப்(எக்ஸ்) என்ற குறியீடும் பலரை ஏமாற்றுகிறது. அது பெருக்கல் அல்ல. பெருக்கலென்று நினைத்தால் எஃப்(2 + 3) = எஃப்(2) + எஃப்(3) என்று எழுதத் தோன்றும். எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² என்று எடுத்துப் பாருங்கள்: இடப்பக்கம் 25, வலப்பக்கம் 13.

இன்றைக்கு ஒரு பயிற்சி. 1/(எக்ஸ் − 2), √(எக்ஸ் − 2) இரண்டுக்கும் ஆட்சியை எழுதுங்கள். முதலாவதில் 2 சேராது, இரண்டாவதில் சேரும். ஏன் என்று உங்கள் சொந்தச் சொல்லில் சொல்ல முடிந்தால் அடுத்த அலகுக்குப் போகலாம்.