லினக்ஸ் டெர்மினலில் முதலில் எந்தக் கட்டளைகளைக் கற்பது?

உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறீர்கள், கட்டளைகளை எழுத்தாகவே அடிக்கும் டெர்மினல் திரையில் எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். முதலில் மூன்று போதும்: இருக்கும் இடத்தைச் சொல்ல பிடபிள்யூடி, உள்ளே இருப்பதைக் காட்ட எல்எஸ், வேறு ஃபோல்டருக்குப் போக சிடி. பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். இதை முதல் நாளே பழகிவிடுங்கள்.

அப்புறம் ஃபைல்களை இடம் மாற்றும் எம்வி. டவுன்லோட்ஸில் 300 படங்கள் சிதறிக் கிடக்கின்றன என்று வையுங்கள். சிடி போட்டு டவுன்லோட்ஸுக்குள் போய், எம்கேடிஐஆர் கொண்டு 'படங்கள்' என்றொரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு எம்வி, இடைவெளி, நட்சத்திரக் குறி, அதை ஒட்டியே புள்ளி ஜேபிஜி, இடைவெளி, ஃபோல்டரின் பெயர். என்டர் தட்டியதும் எல்லாம் இடம் மாறிவிடும். 'எந்தப் பெயராக இருந்தாலும்' என்பதுதான் நட்சத்திரக் குறியின் பொருள். சில படங்கள் நகரவில்லையா? ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும்; லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

அழிக்கும் ஆர்எம்மிடம் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். அது குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது, நேராக அழித்துவிடும். நட்சத்திரக் குறியோடு ஆர்எம் அடிக்கும் முன், அதே வரியை எல்எஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். எவையெல்லாம் போகப்போகின்றன என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.